சீனித் துரையின் வாரிசுப் பட்டியல்

ஒரு பொட்டலம் சீனிக்காக நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறதை மட்டும் படித்துவிட்டு என்னைப் பெரிய வீராங்கனை என்று யாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். தெரியாமல் செய்தேன் என்பது உண்மைதான். அதற்காக அந்தச் சீனி கசந்துவிடவில்லை. நன்றாகவே இனித்தது.

மலாயாவில் ஜப்பான்காரன் ஜொகூரைப் பிடித்து இரண்டாவது வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். புண்ணுக்கு மருந்து கட்டுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் அவர் வேலை. அப்போது கொய்னாவும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை. புண்ணும் காய்ச்சலும் மட்டும் தாராளமாக இருந்தன. நான் கான்வென்டில் படித்து டைப்பிங் கற்றவள். இங்கிலீஷ் தெரியும், மலாய் தெரியும், வாயும் கொஞ்சம் நீளம். வெள்ளைக்கார மானேஜர் விட்டுவிட்டு ஓடிய நாற்காலியில் ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து உட்கார்ந்தான். அவனுக்கு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. அப்பா என்னை அனுப்பினார். அனுப்பினார் என்ன, அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார்.

அந்த ஆள் இடுப்பில் வாள் தொங்கினாலும் சண்டைக்காரன் இல்லை. ஜப்பான்காரன் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த பார்மோசாத் தீவில் ஒரு சீனி ஆலையில் வேலை பார்த்தவன். ரப்பரை வாங்க ஆளில்லாத காலம் அது. மரங்களை வெட்டிவிட்டுக் கரும்பு போடச் சொல்லி அவனை எங்கள் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். காரணம் இருந்தது. ரப்பர் வருவதற்கு முன்னால் எங்கள் தோட்டம் கரும்புத் தோட்டமாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைக்காரர் ஆற்றோரமாக ஆலை கட்டி, சீனி காய்ச்சி, சிங்கப்பூருக்குப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். அவர் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவர் சீனித் துரை.

“அந்த மனிதனின் வாழ்க்கையை எழுது. எங்கே நட்டான், எப்படிக் காய்ச்சினான், மனைவி யார், பிள்ளைகள் யார், எல்லாம் வேண்டும்” என்றான் அதிகாரி. அரைகுறை இங்கிலீஷ். ஒரு புது நோட்டும் பென்சிலும் கொடுத்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கான்வென்டில் ராஜாக்கள் வரலாறு படித்தவளுக்கு நானே ஒரு வரலாறு எழுதப் போகிறேன் என்கிற மிதப்பு. மறுநாளே நோட்டைத் தூக்கிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குக் கிளம்பிவிட்டேன். ஆண்களை எல்லாம் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். லயத்தில் பெண்களும், இருமுகிற கிழவர்கள் இரண்டு மூன்று பேரும், மரவள்ளிக்கிழங்கும்தான் மிச்சம். கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். துரை பங்களாவில் ஒரு பியானோ இருந்ததாம், கரையான் தின்றுவிட்டதாம். இல்லை, பியானோவைத் துரையே கோடரியால் பிளந்து அடுப்பெரித்தானாம். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவரைக் கொப்பரைக்காரம்மா என்பார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பாகு காய்ச்சுகிற கொப்பரையில் அவர் வீட்டுக்காரர் விழுந்து செத்ததால் வந்த பெயர். நான் துரையைப் பற்றிக் கேட்டதும் கிழங்கு சீவுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னத்த எழுதப் போற? இங்கன ஒரு பாவி இருந்தான், செத்தான். ஒரு வரி போதும், எழுதிக்க.”

“நடந்தத சொல்லுங்க பெரியம்மா. நான் அப்படியே எழுதறேன்.”

“அப்படியே எழுதுவியா? எங்க வீட்டுக்காரரு விழுந்த கொப்பரை, அந்தப் பாகக்கூட அவன் கீழ கொட்டல. காய்ச்சி, மூட்டை கட்டி, படகுல ஏத்திட்டான். எந்த ஊருக்காரன் அதத் தேத்தண்ணியில போட்டுக் குடிச்சானோ. இத எழுது பாப்போம்.”

எழுதினேன். எழுதி முடித்ததும், துரைக்குக் குடும்பம் கிடையாதா என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பினார்.

“குடும்பமா? ஒருத்தி இருக்கா. உலு திராம்லேருந்து வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நடந்தே வரா. அந்தப் பாவிக்கு மெழுகுவத்தி கொளுத்திட்டு யார் கூடவும் பேசாமப் போயிடுவா. எனக்கு வயிறு எரியும்.”

கல்லறைத் திருநாள் என்பது நவம்பர் இரண்டாம் தேதி, எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் செத்தவர்களை நினைக்கிற நாள். அன்றைக்கு யார் எந்தக் கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, திரி கொளுத்துகிறார்களோ அவர்கள்தான் அந்தப் பிணத்துக்குச் சொந்தம். பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம். அடுத்த வீட்டுப் பிணத்துக்கு யாரும் விளக்கு வைப்பதில்லை. வைத்தால், உனக்கும் அவருக்கும் என்ன என்று ஊர் கேட்கும். இந்த வழக்கத்தை அந்த ஜப்பான்காரனுக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் விளக்கமாக வேறு எழுதினேன், மேதாவி. ஆகவே உலு திராமிலிருந்து வருகிற அந்தப் பெண்தான் துரையின் வாரிசாக இருக்க வேண்டும் என்று முடிவுரையும் போட்டேன். டைப் செய்து, ஓரம் வெட்டி, அவன் மேசையில் வைத்தேன்.

அவன் இரண்டு தடவை படித்தான். சிரித்தான். அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலம் சீனி எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு அப்பா பல மாசங்களுக்குப் பிறகு இனிப்பு போட்ட தேநீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நான் விரலைத் தொட்டுத் தொட்டு நக்கினேன்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனதும் அவன் சொன்னான்.

“கல்லறைக்கு நானே வருகிறேன். நீயும் வா. அந்தப் பெண் யார் என்று பார்க்க வேண்டும்.”

“எதற்குத் துவான்?” என்றேன். ஐயா என்பதற்கு மலாயில் துவான்.

“அவள் உடம்பில் எதிரி ரத்தம். சிங்கப்பூர் முகாமுக்குப் போக வேண்டும்.”

முந்தின நாள் சீனியை நீட்டியபோது இருந்த அதே முகத்தோடு சொன்னான். வெள்ளைக்காரனுக்குப் பிறந்தவர்களை முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஜொகூர் பாருவில் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். டயர் கிடைக்காமல் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டிய சைக்கிள். உலு திராம் போய்ச் சேருவதற்குள் முதுகெலும்பு கழன்றுவிட்டது. விசாரித்துக் கண்டுபிடித்தேன். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு, வாசலில் தையல் மெஷின். பழைய ஜன்னல் திரைத்துணியில் யாருக்கோ சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் போலக் கறுப்புதான். நிமிர்ந்து பார்த்தபோது கண்கள் சாம்பல் நிறம். அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியதையும் சொன்னேன். சீனி வாங்கியதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. மெஷின் மிதிப்பதை மட்டும் நிறுத்தினார்.

“இந்த ஒரு வருஷம் மட்டும் வராதீங்கக்கா. உங்க கால்ல விழறேன்.”

“வருவேன்.”

“அக்கா, அவன் அங்க வந்து நிப்பான்.”

“நிக்கட்டும். இங்க பாரு. எங்கம்மா அந்த பங்களாவுல ஏழு வருஷம் இருந்தாங்க. நான் அங்கதான் பொறந்தேன். வேற வெள்ளக்காரங்க வந்தா என்னைத் தூக்கிட்டுப் போயி குசினியில, அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வெப்பாங்க. சத்தம் போட்டா வாயப் பொத்துவாங்க. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த புத்தகத்துல அப்பா பேர் எழுதற எடத்துல ஒரு கோடு. சாகற வரைக்கும் அந்த மனுஷன் என்னை மகள்னு ஒரு தடவ சொன்னதில்ல.”

“அப்படிப்பட்ட ஆளுக்கா மெழுகுவத்தி?”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“பாசத்துலயா கொளுத்துறேன்னு நெனச்ச? ஊரே பாக்க அவன் தலமாட்டுல போயி முட்டி போட்டு நிக்கிறேன். நான் உன் மகதான், இப்ப ஒளிச்சு வை பாப்போம்னு சொல்லிட்டு வரேன். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எனக்கு. ஜப்பான்காரனுக்குப் பயந்துகிட்டு அதையும் விட்டேன்னா, நானே போயி குசினியில ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி. மாட்டேன். கொண்டுபோனா போறான்.”

“உயிரவிட அதுவா பெருசு?”

“ஆமா” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தேன். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று வாய்விட்டே திட்டினேன். ஆனால் பாதி தூரம் வந்தபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய், அந்த நோட்டைக் கொடுத்தவன் மேலும் என் மேலும்தான் மிச்சம் இருந்தது. அவர் எதற்கு ஒளிய வேண்டும்? எழுதிக் கொடுத்தவள் நான். விளக்கு வைக்கிறவர்தான் சொந்தம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான். அப்படியென்றால் எல்லோரும் விளக்கு வைத்தால்?

சாயங்காலம் லயத்துத் தண்ணிக் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது போய்ச் சொன்னேன். நான் செய்த காரியத்தைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் திட்டினார்கள்.

“அடிப்பாவி, இதுக்குத்தானா கான்வென்ட்டுல போட்டுப் படிக்க வெச்சாங்க?”

“டிரஸர் பொண்ணுன்னு நம்பித்தானே வாயத் தொறந்தோம்!”

வாங்கிக்கொண்டேன். பிறகு என் யோசனையைச் சொன்னேன். கொப்பரைக்காரம்மா குடத்தைத் தொப்பென்று கீழே வைத்தார்.

“அந்தப் பாவிக்கு நான் விளக்கு வெக்கணுமா? நானா? என் கை அழுகிப்போகும். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சிலுவை நட எடம் குடுக்காதவன் அவன். அவ போனா போகட்டும். துரை மகதானே, அனுபவிக்கட்டும்.”

நான் குசினியைப் பற்றிச் சொன்னேன். வாயைப் பொத்தியதைச் சொன்னேன். அவர் எதற்காக அங்கே வந்து முட்டி போடுகிறார் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். கொப்பரைக்காரம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அவ சண்டை போடத்தான் வராளா?”

“ஆமா பெரியம்மா.”

“இத்தன வருஷமா நான் வேற மாதிரி நெனச்சு அவளச் சபிச்சுக்கிட்டு இருந்தேனே!” குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். “சரி, வெக்கிறேன். ஆனா வாய மூடிக்கிட்டு வெக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

மெழுகுவத்திக்கு எங்கே போவது? ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்குகள் வேலையில்லாமல் காட்டில் கவிழ்ந்து கிடந்தன. பொறுக்கிக் கழுவினோம். செம்பனை எண்ணெய், கிழிந்த கைலித் துணியில் திரி. அம்மன் கோயிலுக்குப் போகிற இந்து வீட்டுப் பெண்களும் வருவதாகச் சொன்னார்கள். உங்களுக்கு எதற்கு வம்பு என்று கேட்டதற்கு, “கரும்பு வெட்டுனப்ப எங்க பாட்டன் முதுகுலயும் பிரம்பு விழுந்துச்சுல்ல, திட்ட எங்களுக்கும் உரிமை இருக்கு” என்று பதில் வந்தது.

திருநாளன்று பிற்பகல் சாமியார் கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போனதும், நாற்பது பெண்கள் சீனித் துரையின் பளிங்குக் கல்லைச் சுற்றி வந்து முட்டி போட்டார்கள். என்னையும் சேர்த்தால் நாற்பத்தொன்று. எல்லோர் தலையிலும் முக்காடு. உலு திராம்காரர் ஏழாவதாக இருந்தார். தனியாக வந்து நிற்கப் போகிறோம் என்று நினைத்து வந்தவர், நாங்கள் மங்குகளோடு வருவதைப் பார்த்துத் திகைத்துப்போனார். பக்கத்தில் போய் உட்கார்ந்த கொப்பரைக்காரம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டபோது, “நவுந்து உக்காரு, எனக்கும் கொஞ்சம் பாக்கி இருக்குன்னேன்” என்றார்.

அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தான். வந்ததுமே கொப்பரைக்காரம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்.

“பாகு காய்ச்ச வந்தவனே, படுபாவித் துரையே,
பச்ச ஒடம்ப வேகவெச்ச பாழாப்போன துரையே,
போன எடத்துல உனக்கு நெருப்பு போதுமா,
பத்தலன்னா சொல்லியனுப்பு, வெறகு வெட்டி அனுப்பவா!”

மற்றவர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க நாக்கைக் கடிக்க வேண்டியிருந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டான். இந்த அம்மா என்ன பாடுகிறார் என்று கேட்டான்.

“இறந்தவரைப் பற்றிப் பாடுகிறார், துவான்” என்றேன்.

“பார்மோசாவில் எங்களுக்காக இப்படி யாரும் அழமாட்டார்கள்” என்றான். ஒரு நிமிஷம் அந்த ஆளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அது ஒரு நிமிஷம்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு, “இதில் அவன் குடும்பம் யார்?” என்றான்.

“எல்லோரும்.”

என்னை முறைத்தான். கையிலிருந்த பிரம்பின் நுனியால் முதல் பெண்ணின் முக்காட்டைத் தூக்கி முகத்தைப் பார்த்தான். அடுத்தவள். அதற்கடுத்தவள். உலு திராம்காரர் தலையைக் குனியவே இல்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நேராக நிமிர்ந்து காத்திருந்தார். ஐந்தாவது முக்காட்டுக்குப் பிரம்பு வந்தபோது கொப்பரைக்காரம்மா குபீரென்று எழுந்து, “ஐயோ என் ராசா” என்று அலறிக்கொண்டு அவன் பூட்ஸ் மேலேயே போய் விழுந்தார். புரண்டார். மூக்கைச் சிந்தினார். வெற்றிலைச் சாறு வேறு. அவன் அருவருத்துக்கொண்டு நாலு எட்டு பின்னால் போனான்.

“எழுது!” என்று என்னிடம் கத்தினான். “எல்லார் பெயரையும் எழுது. பக்கத்தில் அவனுக்கு என்ன உறவு என்று எழுது. பொய் எழுதினால் நீயும் முகாமுக்குப் போவாய்.”

நோட்டைத் திறந்தேன். முதலில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் இங்கிலீஷில் மகள் என்று எழுதினேன். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஏழாவது ஆள் தன் பெயரை மற்ற எல்லோரையும்விடத் தெளிவாகச் சொன்னார். மகள். எட்டாவது, மகள். நாற்பத்தொரு பேருக்கும் மகள் என்றே எழுதி, தாளைக் கிழித்து அவன் கையில் கொடுத்தேன்.

படித்தான். என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். “பக்கேரோ!” என்று ஜப்பானிய வசவு வேறு. கொப்பரைக்காரம்மாவைக் காட்டி, “இந்தக் கிழவியும் அவன் மகளா?” என்றான்.

“ஆமாம், துவான்.”

இன்னோர் அறை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அதற்குமேல் எனக்குப் பயம் போய்விட்டது. பயப்படுவதற்கு என்ன மிச்சம்?

“எங்கள் வழக்கம் அப்படி. யார் விளக்கு வைக்கிறார்களோ அவர்கள்தான் குடும்பம். நான்தான் எழுதிக் கொடுத்தேனே. நீங்களும் படித்துவிட்டுச் சீனி கொடுத்தீர்களே.”

அவன் என்னைப் பார்த்தான். நாற்பது பெண்களையும் பார்த்தான். ஒப்பாரி நின்றுபோயிருந்தது. யாரும் குனியவில்லை. அடுத்த வாரம் அவனுடைய கரும்பை நட வேண்டியவர்கள் இவர்கள்தான். தோட்டத்தில் வேறு கையே இல்லை. அனுப்பினால் நாற்பத்தொரு பேரையும் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் யாரையும் அனுப்ப முடியாது. ஒருத்தியைப் பிடிக்க வந்து இத்தனை மகள்களோடு திரும்பினேன் என்று எந்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்லுவான்? தாளைக் கசக்கிச் சேற்றில் எறிந்துவிட்டுச் சிப்பாய்களோடு போய்விட்டான்.

திங்கட்கிழமை என் வேலை போனது. மற்றவர்களோடு நானும் கரும்பு நட்டேன். முளைத்ததைக் காட்டுப்பன்றி தின்றது. அவனை வேறு எங்கோ மாற்றினார்கள். உலு திராம் வீட்டுப் பக்கம் சண்டை முடிகிற வரை எவனும் போகவில்லை. என் வலது காது அன்றைக்குப் போனது போனதுதான்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் கல்லறையில், அவர்கள் லாரி கிளம்புகிற வரை யாரும் அசையவில்லை. அப்புறம் கொப்பரைக்காரம்மாதான் ஆரம்பித்தார்.

“ஏண்டி, என்னையும் போயி அந்தப் பாவிக்கு மகளாக்கிட்டியா? எங்க வீட்டுக்காரரு மேல இருந்து பாத்தா என்ன நெனப்பாரு?”

சிரித்தோம். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். உலு திராம்காரர் எழுந்து போய்ச் சேற்றில் கிடந்த தாளை எடுத்தார். முந்தானையால் துடைத்து, பிரித்து, என்னிடம் கொண்டுவந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

“என் பேரு எது?”

காட்டினேன்.

“பக்கத்துல என்ன எழுதியிருக்க?”

“மகள்னு எழுதியிருக்கேன்கா.”

அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார். தையல் ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல். வெகுநேரம் எடுக்கவில்லை.

“இன்னொரு தடவ படி.”

படித்தேன். அவர் பெயர், பிறகு மகள்.

அவர் கல்லறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“சத்தமாப் படி. அவனுக்குக் கேக்கணும்.”

என்னால் முடிந்த மட்டும் கத்திப் படித்தேன்.